கரண்டு போனால் கேட்கும் வளையல்

எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை நிம்மதியாகப் பேச வேண்டுமென்றால் கரண்டு போக வேண்டும். அப்பாவின் விசைத்தறிகள் இரண்டும் முன்கட்டில் ஓடும்போது, கோயில் தேரே வாசலில் போனாலும் கேட்காது.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, பகலெல்லாம் தார் சுற்றுவாள். தறியில் குறுக்கே பாய்ந்து ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. உட்கார்ந்து செய்வதுதானே என்றார்கள். ஆடித் தபசுத் திருவிழாவுக்குள் சேலைகளை நெய்து கொடுத்தாக வேண்டும். அத்தையின் கை நின்றால் தறி நின்றுவிடும்.

வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் அவள் கை நிறைய இருந்தன. வயிற்றுப்பிள்ளை அந்தச் சத்தம் கேட்டுத்தான் வளரும் என்று அம்மா சொல்லியிருந்தாள். தறிச் சத்தத்தில் அது பாவம், என்னத்தைக் கேட்கும்? அதனால் கரண்டு போனதும் ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்து உலுக்குவது என் டியூட்டி. எட்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. இன்றைக்கும் அப்படித்தான் என்று என்னோடு வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள்.

ஒரு மத்தியானம் உலுக்கினேன், சத்தமே வரவில்லை. வளையல்கள் கையோடு ஒட்டி இறுகிக் கிடந்தன. அத்தைக்கு முந்தின நாளிலிருந்தே தலைவலி. தறிச் சத்தத்தில் யாருக்குத்தான் தலை வலிக்காது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். கை வீங்கியிருக்கிறது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சி உடம்பு பூரிக்கத்தான் செய்யும், கண்ணுபடப் பேசாதே என்று விரட்டினாள். எனக்கோ பிள்ளை செவிடாகிவிடுமே என்ற பதைப்பு. இரண்டு வளையலை எடுத்துவிட்டால் மற்றவை குலுங்கும், கணக்கு சரிதானே? அத்தை கண்ணயர்ந்த நேரம் பார்த்து, பாக்குவெட்டியால் நறுக்கென்று ஒடித்தேன்.

பிள்ளை பிறக்கும்வரை அந்த வளையலைக் கழற்றவே கூடாது. உடைத்தால் கேட்க வேண்டுமா? அம்மா ஓங்கிய கையோடு வந்தாள். வந்தவள், வளையல் இருந்த இடத்தில் பதிந்திருந்த பள்ளத்தைப் பார்த்தாள். பக்கத்தில் கட்டைவிரலால் அமுக்கினாள். விழுந்த குழி விழுந்தபடியே நின்றது. ஓங்கிய கை இறங்கிவிட்டது.

அத்தை மெதுவாகச் சொன்னாள்: “காலையிலருந்து கண்ணும் மங்கலாத்தான் இருக்கு மதினி. தறி நின்னுரும்னு சொல்லல.”

குதிரை வண்டி பிடித்து தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, நாளைக்கு வந்திருந்தால் தாயுமில்லை பிள்ளையுமில்லை என்று அப்பாவைக் கிழி கிழி என்று கிழித்தார். ஆண்டவன் புண்ணியம், இரண்டு உயிரும் தப்பின. வளையலை உடைத்ததற்கு யாரும் என்னை அடிக்கவில்லை. பிள்ளையின் காதைக் காப்பாற்றியதே நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தாய்மார் நலமும் அதற்காகும் செலவும்தான் இன்று என் ஆராய்ச்சி. இலவச ஆஸ்பத்திரிக்குக்கூடப் பெண்கள் ஏன் பிந்தி வருகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்கிறேன். முதன்முதலில் அதைக் கேட்டது பிரசவ வார்டில், அத்தையிடம். தர்மாஸ்பத்திரியில் காசா கேட்கிறார்கள், முன்னாலேயே வந்தால் என்ன என்றேன்.

அத்தை பிள்ளையை அணைத்தபடி சிரித்தாள். “நான் வந்துட்டா தார யாருட்டி சுத்துவா?”

எனக்கு வந்ததே கோபம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பள்ளிக்கூடம் விட்டு வந்து நானே சுற்றியிருப்பேன். போயும் போயும் இதெல்லாம் ஒரு காரணமா என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.