அது வாரண்டியில வராதுங்க

ஒரு ஊர்ல ஒரு வேன் ஷோரூமாம். அந்த ஷோரூம்ல ஒரு வாரண்டி புத்தகமாம். அந்தப் புத்தகத்துல எல்லாம் உண்டாம், உங்க வண்டியில எது உடைஞ்சிருக்கோ அதைத் தவிர.

கதை இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூரில் நான் வேலை பார்த்த இடம் அது. கோபமாக வருகிறவர்களிடம் "அது வாரண்டியில வராதுங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. எனக்குப் பிறவியிலேயே குரல் கம்மி. நேர்முகத்தில் பேரைச் சொன்னேன், மேனேஜருக்குக் காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன், மறுபடியும் விழவில்லை. "இந்தக் குரலைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்று அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். எவனோ செய்த தப்புக்குக் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று திட்டு வாங்கிய சக ஜீவன்களே, மேலே படியுங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

வாத்தியார் திருத்திய புத்தகம்

கீழப்பழுவூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். வாங்கிய இரண்டாவது வாரமே ஹாரன் ஊமையாகிவிட்டது. ஹாரன் மின்சாதனம், வராது என்றேன். வைப்பர்? ரப்பர், வராது. கண்ணாடி? உடையும் பொருள், வராது. அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே கடைசிப் பக்கம் வரை படித்தார். "அப்ப எதுக்குத்தான் தம்பி உண்டு?" என்றார். "வண்டியோட அடிச்சட்டத்துக்கு உண்டுங்க சார். துருப்பிடிச்சா மட்டும் வராது" என்றேன்.

புத்தகத்தை என் கையில் கொடுத்து, தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "இரும்பு இரும்பாவே இருக்கும்னு எழுத்துல குடுத்திருக்கீங்க. பெரிய மனசு!"

ஆடாத வண்டி

ஆண்டிமடம் காசாம்பு அக்கா பாத்திர வியாபாரி. அண்டாவும் குடமுமாக ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போகிறவர். தம்பி தங்கராசுதான் டிரைவர். வேன் வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி உதறி, இடது பக்கமாக இழுத்தது. ரஞ்சன்குடிப் பக்கம் எதிரே வந்த பஸ்ஸுக்காகப் பிரேக் போட்டபோது ரோட்டை விட்டு இறங்கி, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கிறது. "பின்னாடி எங்கூட நாலு பொம்பளைங்க அண்டாவோட அண்டாவா உக்காந்து வராளுங்க தம்பி. அவளுங்க வூட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

மேனேஜர் "நானே ஓட்டிப் பாக்குறேன்" என்று ஏறினார். ஷோரூம் வாசலிலேயே ஒரு சுற்று. அங்கே மேய்ந்துகொண்டிருந்த கோழி ஒன்று வேனை முந்திக்கொண்டு போனது. பிரேக் போட்டார், நின்றது. "எங்கம்மா ஆடுது?" என்று இறங்கினார்.

காசாம்பு கும்பிட்டார். "நீங்க ஓட்டுனா பிரேக்கே வேணாம் சார். வண்டி வெக்கப்பட்டு தானா நின்னுரும்."

தேய்மானம்

எங்கள் மெக்கானிக் காதர் பாய்க்குப் பொய் வராது. அதனால் அவரைக் கவுண்ட்டர் பக்கம் விடுவதில்லை. அவரே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முன்பக்கம் இடது பிரேக் டிரம் கோணியிருக்கு. வார்ப்புலயே கோளாறு. கம்பெனிதான் மாத்தித் தரணும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு வாரண்டி புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். புத்தகத்தைத் திறந்தேன். "பிரேக் தேய்மானப் பொருள்ல சேருதுங்கக்கா. வாரண்டியில வராதுங்க."

காசாம்பு கவுண்ட்டரில் கையூன்றிக் குனிந்து கேட்டார்: "பிரேக்கை மிதிக்காம ஓட்டிச் செத்தா வாரண்டி உண்டு, மிதிச்சுப் பொழைச்சா இல்ல. அப்படித்தானே தம்பி?"

செருப்பு மாதிரி

வேறு வழியில்லாமல் சொந்தக் காசிலேயே புது டிரம் போடச் சொன்னார். அந்த வாரம் காதர் பாய் மகள் நிக்காஹ்வுக்காக லீவில் போயிருந்தார். மூன்று நாள் கழித்து மேனேஜர் சொல்லச் சொல்ல, வேலைச் சீட்டில் நான் எழுதினேன்: "புது டிரம் மாற்றப்பட்டது." பழைய டிரம்மைக் கேட்டார் காசாம்பு. காயலான் கடைக்குப் போய்விட்டது என்றார் மேனேஜர். எங்கள் ஷோரூமில் இவ்வளவு சுறுசுறுப்பாக நடந்த வேலை அது ஒன்றுதான்.

அடுத்த வாரமே வேன் திரும்பி வந்தது. அதே உதறல், அதே இழுப்பு. "புது டிரம் பழகணும்மா. புதுச் செருப்பு மாதிரி, கொஞ்ச நாள் கடிக்கும்" என்றார் மேனேஜர்.

"செருப்பு கடிச்சா கால்ல புண்ணு சார். இது கடிச்சா ரோட்டுல அஞ்சாறு பொணம்" என்றார் காசாம்பு.

கழட்டுங்க

சொன்னவர் போகவில்லை. விற்பனைக்கு நின்ற புது வேனின் படியில் உட்கார்ந்துகொண்டு, "சக்கரத்தைக் கழட்டுங்க" என்றார். கழற்றினால் வாரண்டி போய்விடும் என்றார் மேனேஜர். "அதான் வராதுன்னுட்டீங்களே, இல்லாதது எங்க போகும்?" வேன் வாங்க வந்திருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். லீவு முடிந்து வந்திருந்த காதர் பாய் யாரையும் கேட்காமல் ஜாக்கியை எடுத்தார்.

சக்கரம் வெளியே வந்தது. காதர் பாய் மண்ணெண்ணெய்த் துணியால் டிரம்மைத் துடைத்தார். அதன் முகப்பில் புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. "ரா. காசாம்பு, ஆண்டிமடம்." இரண்டு ஓரத்திலும் குடத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு பூ. நான் புதுசு என்று எழுதிய டிரம் அது.

"வாங்குன மாசமே பஞ்சர்" என்று விளக்கினார் காசாம்பு. "செயங்கொண்டத்துல பஞ்சர் போடுறவன் சக்கரத்தைக் கழட்டிப் போட்டிருந்தான். கையில உளி இருக்கு, கண்ணுக்கு முன்னாடி இரும்பு இருக்கு, சும்மா இருக்க முடியுமா? கல்யாண வூட்டுக்கு ஒரு டம்ளர் குடுத்தாலும் பேரு வெட்டித்தான் குடுப்போம். அப்பத்தான் மாறிப்போவாது."

மேனேஜர் சளைக்கவில்லை. கம்பெனிப் பொருளில் கீறல் போட்டதே பெரிய குற்றம் என்றார். காசாம்பு நிதானமாகக் கேட்டார்: "பழசு காயலான் கடைக்குப் போயிருச்சு. இது புதுசு. அப்ப எம்பேரைக் கம்பெனியிலயே வெட்டி அனுப்புனாங்களா சார்?"

பானைக்கு மணை

அப்படியானால் புது டிரம் எங்கே? காதர் பாய் ஸ்டோர் ரூமைக் குடைந்தார், இல்லை. கண்டுபிடித்ததும் காசாம்புதான். பாத்திரக்காரர் எங்கே போனாலும் முதலில் பானையைத்தான் பார்ப்பார். மேனேஜர் அறை மூலையில் மண்பானை இருந்தது. அதன் கீழே சாக்குச் சுற்றிய மணை. சாக்கை விலக்கினால் கம்பெனி எண்ணெய்த்தாள் கூடப் பிரிக்காத டிரம். மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "மாத்தியாச்சுன்னு சீட்டுல எழுதுனது இவன்தாம்மா. ஏண்டா, பாக்காமயா எழுதுன?"

ஐந்து மாதமாக ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தையை முதல்முறையாக அவரிடம் சொன்னேன். "அது என் வாரண்டியில வராதுங்க. நீங்க சொன்னீங்க, நான் எழுதுனேன்." என் குரல் அன்றைக்கு எல்லாருக்கும் கேட்டது.

வேறொரு சீட்டை எடுத்து, யாரும் சொல்லாமலே எழுதினேன்: "இடது முன் டிரம், வார்ப்புக் கோளாறு, வாரண்டியில் மாற்றப்பட்டது." பழைய பில்லைக் கிழித்து, காசாம்பு கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கவுண்ட்டரில் நான் எழுதிய ஒரே உண்மை அந்தச் சீட்டுதான். வேன் வாங்க வந்த இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்ததால் மேனேஜர் அவர்களைப் பார்த்துச் சிரித்துவைத்தார். டிரம்மை மாட்டுவதற்கு முன்னால் காசாம்பு இடுப்பிலிருந்து உளியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் மேனேஜருக்குத் தாங்கவில்லை. "பேரு வெட்டுனா வாரண்டி போயிரும்மா!"

காசாம்பு தலை நிமிரவில்லை. "வெட்டுனதாலதான சார் வந்துச்சு."

கடைசி ஆள்

தங்கராசு வேனை வேகமாக ஓட்டி வந்து வாசலில் ஒரே மிதி மிதித்தான். உதறல் இல்லை, இழுப்பு இல்லை. கோடு போட்ட மாதிரி நின்றது. கோழி மட்டும் பறந்தது. காசாம்பு என்னைப் பார்த்து "வரேன் தம்பி" என்று ஏறிக்கொண்டார். வேன் வாங்க வந்தவர்கள் வாங்காமலே போனார்கள். மேனேஜர், நாளையிலிருந்து நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். காதர் பாய் கை கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். போகிற போக்கில் சொன்னார்: "நீ வேலைக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகலையே தம்பி. உனக்கு வாரண்டி இருக்கான்னு கேட்டுப் பாரேன்."

பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கே தெரியும் என்பதால், புத்தகத்தை மூடிக் கவுண்ட்டரில் வைத்துவிட்டு, கடைசி ஆளாக வெளியே நடந்தேன்.