ஆமெனுக்கு ஒரு வாக்கெடுப்பு

மெல்போர்னில் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டே முதுகு வளைந்தவர் ஹெர்ஷல் பாகென்ட்ரேகர். போலந்தின் பியாலிஸ்டாக்கில் யூதராகப் பிறந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பலேறி வந்தவர். கடவுளை எதிர்க்க அவர் செலவிட்ட நேரத்தில் பாதியைக்கூட எந்த பக்தரும் கடவுளுக்காகச் செலவிட்டிருக்க மாட்டார்.

ஊர் யூதர்களெல்லாம் பட்டினி கிடந்து பாவமன்னிப்புக் கேட்கும் யோம் கிப்பூர் அன்று, ஜெபக்கூடத்துக்கு எதிர் மண்டபத்தில் அவருடைய நாத்திகத் தொழிலாளர் சங்கம், யூதர்கள் தொடவே கூடாத பன்றிக்கறியில் விருந்து வைக்கும். வாசனை எதிரே போகட்டும் என்று ஜன்னலை வேறு திறந்துவைப்பார்கள். ஆனால் சும்மா தின்றுவிட முடியாது. தீர்மானம், திருத்தம், வாக்கெடுப்பு எல்லாம் முடிந்தால்தான் வாய்க்குள் போகும். ஏழு பேர் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. சங்கத்தில் இருந்ததே ஏழு பேர்தான். மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டு எதிர்ச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த வருடம் முதல் கடி கடிக்கப்போகும்போது லைபிஷ் மழையில் நனைந்தபடி வாசலில் வந்து நின்றார். ஒரே பட்டறையில் ஹெர்ஷலுக்குப் பக்கத்தில் இஸ்திரி போட்டவர். சங்கத்தை விட்டு ஜெபக்கூடத்துக்குப் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

"ஹெர்ஷல், ஒன்பது ஆம்பளைங்கதான்டா வந்திருக்கோம். பத்து ஆம்பளைங்க சேரலேன்னா கிட்டலுக்கு ஜெபம் சொல்ல விடமாட்டாங்க."

கிட்டல் லைபிஷின் மனைவி. குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆண்கள் முறைத்துக்கொண்டு திரிந்தபோதும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஹெர்ஷலுக்கு ரொட்டி கொடுத்தனுப்பியவள். ஹெர்ஷல் நாற்காலியை விட்டு எழுந்தார். கையிலிருந்த பன்றிக்கறி சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

தலைவி ரோக்ல் மேசையைத் தட்டினாள். "எங்க கிளம்பிட்டீங்க தோழர்? ஜெபக்கூடத்துல கால் வெச்சா உறுப்பினர் பதவி போயிடும். நீங்க போனா நாங்க ஆறு பேரு. சங்கமே காலி!"

"சங்க வேலையா போகலாம்ல?"

"அங்க என்ன சங்க வேலை?"

ஹெர்ஷல் மண்டையைச் சொறிந்தார். "கூட்டத்தையே அங்க மாத்துவோம். எதிரியை அவன் வீட்டுலயே போய்க் கண்டிப்போம்."

ஏழு கைகளும் உயர்ந்தன. "பொம்பளைங்களை அந்தப் பத்துல எண்ண மாட்டாங்க. அதுக்கும் ஒரு கண்டனம் சேர்த்துக்குங்க," என்றாள் ரோக்ல்.

"எதை வேணாலும் கண்டிங்கடா, அந்தக் கறியை மட்டும் வெச்சிட்டு வாங்க!" என்று கெஞ்சினார் லைபிஷ்.

ஜெபக்கூடத்தின் கடைசி பெஞ்சை ஏழு பேரும் அடைத்துக்கொண்டார்கள். பெண்கள் இருக்கை திரைக்குப் பின்னால் என்று ஒருவர் கை காட்டினார். ரோக்ல் பார்த்த பார்வையில் அவர் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

லைபிஷ் நடுங்கும் குரலில் ஜெபத்தைத் தொடங்கினார். முதல் நிறுத்தத்தில் பக்தர்கள் "ஆமென்" என்றார்கள். சங்கத்தினர் திருதிருவென்று விழித்தார்கள்.

"ஆமென் சொல்ல ஆதரவு?" என்று கிசுகிசுத்தாள் ரோக்ல். கைகள் உயர்ந்தன. "எதிர்ப்பு? இல்லை. நிறைவேறியது." பிறகுதான் ஏழு பேரும் கூரை அதிர "ஆமென்!" என்று கத்தினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே கூத்து. லைபிஷும் ஒவ்வொரு தடவையும் வாக்கெடுப்பு முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

கடைசி வரியில் அவர் குரல் உடைந்துவிட்டது. பக்தர்கள் வாய் திறக்கும் முன்பே ஹெர்ஷல் எழுந்து, கன்னம் நனைய, தனியாக "ஆமென்" என்றார்.

"தோழர், இன்னும் வாக்கெடுக்கலையே!"

"கிட்டலுக்கு எதுக்கும்மா ஓட்டு?"