அவள் என்னைக் கூப்பிடும் விதம்

என் மகளுக்கு மூன்று வயது நடந்தபோது, குழந்தை வளர்ச்சி பற்றிய ஓர் ஆய்வுக்காக ஒரு பெண் மாதம் ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். குடவாசலில் பஸ் ஏறி, எங்கள் ஊர் மதகடியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து வருவாள். பையில் மரக்கட்டைகள், ஒரு கிலுகிலுப்பை, ஒரு கட்டுக் கேள்வித்தாள்.

மகளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கழுத்து நிற்கவே இரண்டு வயதாகிவிட்டது. தலையணையை அண்டக் கொடுத்துச் சுவரில் சாய்த்தால் உட்காருவாள். பேச்சு வரவில்லை.

"மூணு கட்டைய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குறாளா அக்கா?"

"இல்லை."

"எதையாவது பிடிச்சுக்கிட்டு நிக்கிறாளா?"

"இல்லை."

பக்கம் முழுக்க இல்லை, இல்லை என்றே சொல்லி முடிப்பேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அச்சடித்திருந்ததைத்தான் கேட்டாள்.

நான்காவது முறை வந்தபோது, "அம்மான்னு கூப்பிடுறாளா?" என்று கேட்டாள். அன்று காலைதான் பக்கத்து வீட்டுக் குழந்தை தன் அம்மாவை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "வர்றேன் இரு, உயிரை வாங்காத" என்று அவள் சலித்துக்கொண்டாள். அப்படி ஒரு முறை சலித்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது.

"கூப்பிடுறா" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

அந்த மாதம் முழுக்க மனசு அரித்தது. அடுத்த முறை அவள் பையைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"போன தடவை பொய் சொல்லிட்டேன் தங்கச்சி. அவ கூப்பிடல."

அவள் பையைத் திறந்து தாளை எடுத்தாள். பழைய பதிலைத் திருத்த வேண்டும் என்று குறித்துக்கொண்டாள். பிறகு தாளை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி அக்கா, நீங்க பக்கத்துல வரணும்னா அவ என்ன செய்வா?" என்றாள்.

அதை என்னிடம் யாருமே கேட்டதில்லை.

"வலது குதிகாலால தரையில ரெண்டு தட்டு தட்டுவா. பசிச்சா அழுவா, தட்ட மாட்டா. தட்டினா நான்தான் வேணும். போய் உட்கார்ந்ததும் நிறுத்திடுவா."

"அதை எழுத இதுல கட்டமே இல்ல" என்றவள், தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்.

என் கணவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். அன்று வேலையில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவள் போன பிறகு, "நான் கால் இழுக்குதுன்னுல்ல நெனச்சேன்" என்றார். மகளைத் தூக்கவே பயப்படுகிறவர், அன்று சாயந்திரம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அடுத்தடுத்த நாட்களில் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டார். சோறு பிசைந்து ஊட்டினார். அவருக்காக அவள் தட்டவே இல்லை. அவர் வெளியே சொல்லாவிட்டாலும் காத்திருந்தது எனக்குத் தெரியும்.

சம்பா அறுப்பு நடந்த ஒரு மத்தியானம், அவர் பைக் சத்தம் வாசலில் வந்து நின்றதும் மகள் ஒரே ஒரு தட்டு தட்டினாள். சேற்றுக் காலோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒண்ணுதான். ஆனா எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தாங்க."

ஆய்வு முடிந்து கடைசியாக வந்த அன்று, அறிக்கையில் என் மகள் இருப்பாளா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"பேர் இருக்காதுக்கா. ஒரு எண்ணா இருப்பா."

"ஓரத்துல எழுதினியே, அது?"

"சேர்க்கச் சொல்றேன். சேர்ப்பாங்களான்னு தெரியல." மகளின் இரண்டு பாதங்களையும் கையில் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். அதன்பிறகு அவளைப் பார்க்கவில்லை. மாதம் பிறந்தால் வாய்க்கால் கரையைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வெகுநாள் போகவில்லை.

மகளுக்கு இப்போது எட்டு வயது. வாரம் இரண்டு நாள் அவள் அப்பா திருவாரூரில் உள்ள பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போகிறார். கம்பியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நிற்கிறாள். மற்ற நாட்களில், தலை சீவி முடித்ததும் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "அம்மா" என்று மெதுவாகச் சொல்லிக் காட்டுகிறேன். அவள் என் வாயையே பார்க்கிறாள். சில நாள் அவள் உதடுகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. சத்தம்தான் இன்னும் வரவில்லை.