தம்பிக்காக நான் எழுதிய விண்ணப்பம்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி சுமந்தார். ராயபுரத்தில் ஓர் அறை வீடு. அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். நான் எட்டாவதோடு நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். தம்பி எஸ்.எஸ்.எல்.சி. தேறினான்; எங்கள் வரிசை வீடுகளில் அவன்தான் முதல்.

இண்டர்மீடியட் சேர விண்ணப்பம் வாங்கி வந்தான். என்ன பாடம் என்று எழுத அதில் ஓர் இடம் இருந்தது. தம்பிக்குக் கணக்கு வராது. பள்ளியிலேயே தட்டுத் தடுமாறித்தான் அதில் தேறியிருந்தான். சரித்திரம் என்றால் சாப்பாட்டை மறப்பான். கடலைப் பொட்டலக் காகிதத்தில் ஒரு கோட்டைப் படம் இருந்தால் போதும், அதை நீவிப் பாய்க்கடியில் வைத்துக்கொள்வான்.

"செத்துப்போன ராஜாவப் பத்தி உனுக்கு இன்னாடா? அவன் வந்து சோறு போடுவானா?" என்றார் நைனா. "கணக்கு எடு. ஹார்பர்ல நான் பாத்துகினுதானே கீறேன்? கூடைய எண்றவன் கொட்டாய்ல ஒக்காந்துகினு கீறான். தூக்குறவன் வெயில்ல கீறான்."

"அதுக்குக் கூட்டத் தெரிஞ்சா போதும் நைனா. காலேஜுல வேற கணக்கு."

"கணக்குல இன்னாடா வேற கணக்கு?"

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினார். "இவன் கையில குட்த்தா இவன் இஷ்டத்துக்கு எழுதிக்குவான். நீ எழுதி வெய்யி. நாளைக்கு வந்து கைநாட்டு வெக்கிறேன்."

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பியதும் தம்பி அடுப்புப் பக்கம் வந்து குந்தினான்.

"யக்கா, சரித்திரம்னு எழுதிடு. நைனா கேட்டா கணக்குன்னு படிச்சுக் காட்டு. உன் கால்ல வேணா வுழறேன்."

நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். பொய் சொன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். அவன் வெளியே போனதும் கணக்கு என்று எழுதினேன்.

சாயங்காலம் நைனா கையில் மண்ணெண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். அப்படியும் விரல் ரேகையில் கரி நின்றது. காகிதம் அழுக்காகிவிடுமோ என்று பயந்து பயந்து கட்டைவிரலை வைத்தார். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பரீட்சையில் மற்றதெல்லாம் வந்தது, கணக்கு போயிற்று. திரும்ப எழுதினான், திரும்பவும் போயிற்று. மூன்றாம் முறை அவன் போகவில்லை. வருடக்கணக்கில் சும்மா இருந்தவனை நைனாவே மேஸ்திரியிடம் சொல்லிக் கரிக்குச் சேர்த்தார். இரண்டு பேரும் ஒரே கப்பலில் கூடை தூக்கினார்கள். வீட்டில் தம்பி அவரோடு பேசுவதில்லை. சோறு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் சொல்வான்.

பிறகு அவனுக்கு இருமல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே அவன் இருமிக்கொண்டிருந்தான். நான் வாசலில் இரண்டு பேருடைய சட்டைகளையும் அலசிக்கொண்டிருந்தேன். நைனா அந்தக் கறுப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனுக்குத்தான் படிக்கத் தெரியாதே," என்றார். "அவன் ஆசப்பட்டத எழுதிட்டு, கணக்குன்னு சொல்லியிருந்தா நான் இன்னாத்தக் கண்டேன்? உனுக்குக்கூடவா தோணல?"

தம்பி என்னைக் கேட்டான் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் சாகும்வரை சொல்லவில்லை.