ஆறுச்சாமி விற்ற படகு

உக்கடத்தில் ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் கவர் தைக்கிறவள் உம்மல் குல்சும். யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பிவிட மாட்டாள். கறிக்கடையில் தராசு முள்ளைப் பார்க்க மாட்டாள், கடைக்காரரின் விரலைத்தான் பார்ப்பாள். பிறவியிலேயே அப்படி இல்லை. அவளைக் கட்டிக்கொண்டு போனவருக்குப் பாலக்காட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. நிக்காஹ் முடிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பந்தலில் பிரியாணி தின்றவர்களில் பாதிப்பேருக்கு முன்பே தெரியுமாம். திரும்பி வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அதற்கப்புறம் யார் சிரித்தாலும் சந்தேகத்தோடுதான் பார்த்தாள்.

அவள் தம்பி ஆசிப் மீன் மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். துடியலூருக்கு அப்பால் கைவிட்ட கல்குழி ஒன்றில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லா மீன் குஞ்சு விட்டிருந்தான். தீவனம் போடவும் வலை இழுக்கவும் ஒரு படகு வேண்டும். ஒருநாள் ஆட்டோவுக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டு ஒரு பழைய ஃபைபர் படகு வந்து இறங்கியது.

"யாருதுடா இது?"

"பவானிசாகர் பக்கம் ஆறுச்சாமின்னு ஒருத்தருக்கா. அணையில மீன் புடிச்சவரு. கேட்ட விலைக்குக் குடுத்துட்டாரு."

"கேட்ட விலைக்கா?" குல்சும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "பேரம் பேசலையா?"

"பேசலக்கா. நல்ல மனுசன்."

அந்த 'நல்ல மனுசன்' அவளுக்கு முள்ளாகக் குத்தியது. படகைச் சுற்றி வந்தாள். மேலெல்லாம் வெளுத்துப்போய், விளிம்பு பிய்ந்து கிடந்தது. அடிப்பாகத்தில் மட்டும் புதுப் பச்சைப் பெயின்ட்.

கையில் இருப்பதை வைத்தே வேலை நடந்தது. பஸ் பாடி கட்டும் பட்டறையில் மிஞ்சிய ரெசின் பசையைக் கேட்டு வாங்கி வந்து ஆசிப் விளிம்பைக் கட்டினான். கெட்டுப்போன ஃபிரிட்ஜின் உள்கூடு மீன் பெட்டியானது. பழைய வேன் சீட்டின் ஃபோமை வெட்டி, ரெக்சின் போர்த்தி, குல்சும் இரண்டு இருக்கை தைத்தாள். வெயிலுக்குக் கூரையாக யாரோ கல்யாணத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸ். அண்ணாந்து பார்த்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் தெரிவார்கள்.

இதற்கிடையில் ஆறுச்சாமி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"ஏனுங்க அம்மணி, இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தனுங்க. படகு எப்படி இருக்குதுன்னு பாத்துப்போட்டுப் போலாம்னு."

படகை அவர் பார்த்த விதம் சரியில்லை. கூரையைப் பார்க்கவில்லை, இருக்கையைத் தொடவில்லை. நடுப்பலகைக்குக் கீழேயே கண் போய்ப் போய் வந்தது. டீ கொடுத்தால் பாதி குடித்தார். "அடியெல்லாம் தேய்ச்சுப் பாத்தீங்களா?" என்று ஆசிப்பிடம் கேட்டார். இல்லை என்றதும் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, "சரிங்க, வாரனுங்க" என்று போய்விட்டார்.

முருங்கைக்காயைக் குல்சும் சமைக்கவில்லை. பக்கத்து வீட்டு நஸ்ரியாவுக்குக் கொடுத்தாள். மறுநாள் நஸ்ரியா நன்றாகத்தான் இருந்தாள்.

அடுத்த வாரமும் வந்தார், கீரையோடு. அதற்கடுத்த வாரம் ஒரு சீப்புக் கதலி.

"விக்கிற வரைக்கும் அவன் படகு, வித்தப்புறம் அவனுக்கு என்னடா சொந்தம்?" என்று குல்சும் தம்பியைக் கேட்டாள். "உள்ள எதையோ ஒளிச்சு வெச்சிருக்கான். கஞ்சாவோ, நகையோ. நாம இல்லாதப்ப எடுக்க வழி பாக்குறான்."

"அக்கா, அவரு பாவம்."

"பாவம்னு உன் மச்சானையும்தான் சொன்னாங்க."

ஆசிப் லோடுக்குப் போன ஒரு காலையில் அவள் நடுப்பலகையைக் கழற்றினாள். கையை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. இருந்தும் மனசு ஆறவில்லை. நஸ்ரியாவைத் துணைக்குக் கூப்பிட்டு, படகை இரண்டு ஸ்டூல் மேல் தூக்கி வைத்து, அதற்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கீழே செய்தித்தாளை விரித்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள். மதியம் பார்த்தால், நடுப்பலகைக்கு நேர் கீழே காகிதம் நனைந்து கிழிந்திருந்தது.

ஆசிப் வந்ததும் பச்சைப் பெயின்ட்டைக் கிரைண்டரால் தேய்த்தான். உள்ளே தார். தாரைச் சுரண்டினால் முழங்கை நீளத்துக்கு ஒரு விரிசல்.

அவன் முகம் சிவந்துவிட்டது. "இப்பவே போயி அந்தாளு ஊட்டு வாசல்ல போட்டுட்டு வாரேன்."

"இரு. அவனே வருவான்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். திறந்து கிடந்த விரிசலைப் பார்த்ததும் கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தார். பயந்து போவார் என்று குல்சும் காத்திருந்தாள். அவரோ பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார்.

"கண்டுபுடிச்சுட்டீங்களா? நல்லதாப் போச்சுங்க அம்மணி."

"என்னங்க நல்லது? என் தம்பி நடுத்தண்ணில முங்கியிருந்தா?"

"அதேதானுங்க என்னையும் தூங்க உடல." அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அணையில தண்ணி வத்துனப்ப அடிமரத்துல மோதிருச்சுங்க. சொன்னா வாங்க மாட்டீங்கன்னு மறைச்சுப்போட்டேன். வித்தப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு. ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் வந்தனுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா வாய் வரல."

ஆசிப் இளகிவிட்டான். குல்சும் இளகவில்லை. இதுவும் நடிப்பாக இருந்தால்?

"சரி. அடைக்கறதுக்கு நீங்களும் கூட நிக்கோணும். தண்ணில விடற அன்னிக்கு நீங்கதான் முதல்ல ஏறோணும்."

"ஏறறனுங்க."

இரண்டு வாரம் வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஃபைபர் தூள் பட்டுக் கையெல்லாம் அரிப்பெடுத்தும் முணுமுணுக்கவில்லை. ஆசிப் ரெசினில் நனைத்த ஃபைபர் விரிப்பை உள்ளேயும் வெளியேயும் அடுக்கடுக்காக ஒட்டினான். குல்சும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கை போகிற இடமெல்லாம் கண்ணை வைத்திருந்தாள்.

கல்குழியில் படகை இறக்கிய அன்று ஆறுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். துடுப்பு இரண்டு வீச்சில் படகு நடுவுக்குப் போனது. பிறகு பாறைத் திருப்பத்தில் மறைந்தது. வெகுநேரம் ஆகியும் திரும்பவில்லை.

"ஓடிட்டானாடா?"

"குட்டையில எங்கக்கா ஓடுவாரு?"

முங்கிவிட்டாரோ என்ற எண்ணம் வந்ததும் அவள் நிற்கவில்லை. சரளைக் கல்லில் செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றி ஓடினாள். பாறைக்குப் பின்னால் படகு அசையாமல் நின்றது. ஆறுச்சாமி அதற்குள் குப்புறப் படுத்து, ஒட்டுப்போட்ட இடத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு இல்லீங்க அம்மணி!"

"கரைக்கு வாங்க. நான் பாக்கோணும்."

வந்தார். நீச்சல் தெரியாத குல்சும் புடவையைச் செருகிக்கொண்டு படகில் ஏறினாள். தான் தைத்த இருக்கையில் உட்காரவில்லை. நடுவில் குத்துக்காலிட்டு, ஒட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். ஆறுச்சாமி துடுப்பு வீசினார். குட்டையின் நடுவுக்கு வந்தும் கை காய்ந்துதான் இருந்தது.

"ஏனுங்கய்யா, இடது பக்கம் சாயுதே. அது எதனால?"

"மீன் பெட்டி அந்தப் பக்கம் இருக்குதுங்களே."

"பெட்டி காலியாத்தானே இருக்கு?" என்றாள் குல்சும்.