இரும்புக் கதாயுதத்தில் இரும்பு இல்லை

1. முதல் நாள்

காரைக்கால் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் யூசுப் நானாவின் நாடக சாமான் வாடகைக் கடை இருந்தது. வாள், வேல், கிரீடம், கவசம், தாடி, சிம்மாசனம் எல்லாம் கிடைக்கும். எழுபதுகளின் நடுவில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கலை ஆர்வமெல்லாம் இல்லை. அந்த வேலை இல்லாவிட்டால் சுரக்குடியில் அப்பாவோடு வயலில் இறங்க வேண்டும். சேற்றில் கால் வைத்தாலே எனக்கு உலகத்தில் உள்ள அத்தனை பாம்பும் ஞாபகத்துக்கு வரும்.

"தம்பி, அந்தத் தட்டுல இரும்புக் கதாயுதம் இருக்கு. எடுங்க," என்றார் நானா.

கன்னங்கரேலென்று என் தலையைவிடப் பெரிதாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சை அடக்கி, இரண்டு கையாலும் ஒரே தம்மில் தூக்கினேன். அது காகிதக் கூழில் செய்து உள்ளே வைக்கோல் அடைத்தது. போட்ட பலம் முழுக்க மேலே போயிற்று. கடையில் இருந்த ஒரே டியூப்லைட் நொறுங்கிக் கீழே வந்தது.

நானா யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். வேலையை விட்டு அனுப்பும்போதும் 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா சுரக்குடி பஸ் ஏறிடுங்க தம்பி," என்றார்.

2. கடையின் பேர் சாஸ்திரம்

அந்தக் கடையில் எந்தப் பொருளுக்கும் அது செய்யப்பட்ட சரக்குக்கும் சம்பந்தமில்லை. வைர வாள் என்பது ரீப்பர் கட்டையில் ஜிகினாத் தாள் ஒட்டியது. பொன் கேடயம் பிஸ்கட் டின்னின் மூடி. இரும்புக் கவசம், சாக்கில் அலுமினியப் பெயிண்ட் அடித்தது. இதையாவது நாடகம் என்று விட்டுவிடலாம். மர வாள் என்று ஒன்று இருந்தது. அது தகரம்.

"இது தகரமால்ல இருக்கு நானா?"

"பழைய மர வாளு மவுத்தாயி நாலஞ்சு வருஷம் ஆச்சு தம்பி. ஆசாரி கிடைக்கல, தகரத்துல அடிச்சு வாங்குனேன். வாளுதான் போச்சு, பேரு ஹயாத்தா, உசுரோட இருக்கு."

செத்துப்போன சாமானின் பேரை அதன் இடத்தில் வந்த சாமான் சுமக்கும். இதுதான் கடை வழக்கம். மனப்பாடம் செய்து கொண்டேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஒரு மிதப்பும் வந்தது. ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது.

3. ஒரு வாள், மூன்று வாள்

பொங்கலுக்குக் குரும்பகரம் இளைஞர் மன்றத்தில் ராஜா நாடகம். எழுதியவரும் கதாநாயகனும் சேதுராமன், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க். கடைக்கு வந்து என்னிடம் வாயாலேயே ஆர்டர் சொன்னார்.

"மொத சீன்ல ராஜா எனக்கு வைர வாள் தர்றாரு. காட்டு சீன்ல நான் மரகத வாளோட வர்றேன். கடைசிச் சண்டையில மந்திர வாளால வில்லனக் கொல்றேன்."

மூன்றும் கடையில் இருந்தன. அந்தப் பேரிலேயே இருந்தன. கிரீடம், கவசம், இரும்புக் கதாயுதம் என்று மற்ற சாமான்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, நானாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தனியாக வண்டி ஏறினேன்.

காணும் பொங்கலன்று வெயில் தாழ்ந்ததும் நாடகம் தொடங்கியது. முதல் சீன் பிரமாதம். காட்டு சீனில் சேதுராமன் மரகத வாளை உருவினார். கைப்பிடியில் பச்சைக் கண்ணாடி, நீளம் முந்தைய வாளில் பாதி. கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"யோவ் சேது, வாளு காட்டுக்கு வந்ததும் இளைச்சுப் போச்சேய்யா."

சீன் முடிந்து உள்ளே வந்தவர் என் சட்டையைப் பிடித்தார். "ஒரு வாளக் கேட்டா மூணு வாளக் கொண்டாந்திருக்கியே?"

"நீங்கதானே சார் மூணு பேரு சொன்னீங்க?"

"சீனுக்கு ஒரு ஞாயித்துக்கெழமையா உக்காந்து எழுதுனது. அன்னன்னைக்கு எது அழகா வந்துச்சோ அத எழுதுனேன். என்னை ஆபீஸ்ல சேதுராமங்கிறாங்க, ஊர்ல சேதுங்கிறாங்க, வீட்ல மணிங்கிறாங்க. அதுக்காக மூணு எலையா போடுறாங்க?"

காதுக்குள் சுரக்குடி பஸ் ஹாரன் அடித்தது. "கடைசிச் சண்டைக்கு வைர வாளையே தரட்டுமா சார்?" என்றேன்.

"வசனத்துல மந்திர வாள்னு வருது. மந்திர வாளக் குடு."

கொடுத்தேன்.

4. மாப்பிள்ளை சாகவில்லை

வில்லனாக நடித்தவர் கலியபெருமாள். பூவத்துக்காரர், குரும்பகரத்துக்கு மாப்பிள்ளை. அவருடைய மாமனார் வைத்தியலிங்கம்தான் விழாக் கமிட்டித் தலைவர். மாமனார், மாமியார், மச்சான்கள் எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சேதுராமன் வாளைத் தலைக்கு மேல் தூக்கினார். "மலையைப் பிளக்கும் மந்திர வாள் இது. உன் மார்பைப் பிளக்கப் போகிறது பார்."

பாதி வாள் பிரிந்து பின்னால் போய் ஆர்மோனியக்காரர் மடியில் விழுந்தது. அவர் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தொடர்ந்து வாசித்தார்.

எனக்கு விஷயம் மறுநாள்தான் தெரிந்தது. முன்பு ஏதோ ஒரு நாடகத்தில் முனிவர் சாபத்தால் மந்திர வாள் முறிய வேண்டியிருந்தது. அதற்காக நடுவில் அறுத்து, ஆணியில் கோத்து, நூல் கட்டிச் செய்த வாள் அது. உடைவதுதான் அதன் உத்தியோகம்.

மேடையில் சேதுராமன் கையில் ஒரு சாண் மிச்சம். எதிரே கலியபெருமாள் முழு வாளோடு.

"மாப்பிள்ள, விழுந்துடுங்க," என்றார் சேதுராமன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எதால விழுறதுங்க? ஒண்ணு குத்துனா விழலாம்."

முன்வரிசையில் வைத்தியலிங்கம் எழுந்தார். "விழாதீங்க மாப்பிள்ள. அப்படியே நில்லுங்க."

கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு கட்டம்போட்ட லுங்கியோடு மேடைக்கு ஓடினேன். "மன்னா, இந்தாங்க இரும்புக் கதாயுதம்," என்றேன். இரும்பு என்று நானே சொன்னேன்.

சேதுராமன் என்மேல் இருந்த கோபத்தையும் சேர்த்து ஓங்கி ஒரு அடி அடித்தார். கதாயுதம் கிழிந்து வைக்கோல் முழுவதும் கலியபெருமாள் தலையில் கொட்டியது. கிரீடத்துக்கு மேல் ஒரு சின்ன வைக்கோல்போர். அவர் ஆடாமல் அசையாமல் நின்று, கூட்டத்தின் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, நிதானமாகச் சொன்னார்:

"வாளும் போச்சு, கதாயுதமும் போச்சு. பொழச்சுப் போ. பாதி ராஜ்யத்த நீ எடுத்துக்க, பாதிய நான் பாத்துக்கறேன்."

திரையை இழுத்துவிட்டார்கள்.

5. கடை வழக்கம்

மறுநாள் காலையில் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். நானா முன்னால் உடைந்த வாளையும் கிழிந்த கதாயுதத்தையும் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் பேச வாயெடுத்தபோது வாசலில் வைத்தியலிங்கம் வந்து நின்றார். நான் பையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"பொங்கலும் அதுவுமா மாப்பிள்ளையக் கொல்றதான்னு வீட்ல எங்கிட்ட மூஞ்சி குடுத்தே பேசல நானா. நாடகத்த நிறுத்துனா சேது வருத்தப்படுவான். தவிச்சுப்போயிட்டேன். நல்லவேளை, ஒங்க பிள்ள வெவரமா உடையுற வாளக் குடுத்துட்டாப்ல. வர்ற வருஷமும் இவரையே அனுப்புங்க."

நானா என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த தாடிகளைப் பார்த்தேன்.

"அது எங்க கடை வழக்கமுங்க," என்றார் நானா.

வைத்தியலிங்கம் போனதும் நானா, "பைய உள்ள வைங்க தம்பி," என்றார். சுரக்குடி பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிற்று.

6. கற்றுக்கொண்டது

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். பார்ட்டி என்ன பேர் சொன்னாலும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நம்பாதீர்கள். கடைசி சீனில் அந்தச் சாமான் என்ன செய்ய வேண்டும், உடைய வேண்டுமா, வெட்ட வேண்டுமா என்று கேளுங்கள். பிறகு தட்டிலிருந்து எடுத்து ஒரு தரம் ஆட்டிப் பாருங்கள்.

மந்திர வாளைச் சரிசெய்து வைத்தோம். அதற்கு மாப்பிள்ளை வாள் என்று புதுப் பேர் வந்துவிட்டது. கதாயுதத்தை ஒட்ட முடியவில்லை. நானா பட்டறையில் சொல்லி, இந்தத் தடவை நிஜ இரும்பிலேயே குண்டு வைத்து ஒன்று செய்து வாங்கினார். குரும்பகரம் கதை பரவியிருந்ததால் கடையில் எல்லாரும் அதை வைக்கோல் கதாயுதம் என்றார்கள்.

"தம்பி, அந்த வைக்கோல் கதாயுதத்த எடுங்க," என்றார் நானா ஒருநாள்.

மேலே சொன்ன பாடத்தை முழுவதும் கற்றிருந்த நான், ஒற்றைக் கையை நீட்டி, வாசலில் போகிறவரிடம் பேசிக்கொண்டே அதை இழுத்தேன். பிடித்துக்கொண்ட இடுப்பு இன்றைக்கும் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது.