நவரட்ணம் (கனடா)

குணவதிக்கு அறுபத்திமூண்டு வயசு. கனடாவுக்கு வந்த புதுசிலை பார்க்டேலிலை ஒரு அறை அப்பார்ட்மென்ட், பிறகு இருபது வருசம் தலையணை பக்டரி, இப்ப பிக்கரிங்கிலை மகளின்ரை வீட்டு பேஸ்மென்ட். இதொண்டும் அவவுக்குப் பெரிசில்லை. வெள்ளிக்கிழமையிலை கோயிலிலை பூக்கட்டுற மேசை, அதிலை ஜன்னல் பக்கக் கதிரை, அதுதான் சீவியம். தான் கட்டின மாலை ஏறாமல் அம்மனுக்குப் பூசை நடக்காது எண்டு சொல்லிக்கொள்ளுவா. கொஞ்சம் புழுகுதான், இருந்திட்டுப் போகட்டும்.

போன ஓகஸ்ட், தேருக்கு முதல்நாள். மண்டபம் முட்டச் சனம். செயலாளர் பொன்னம்பலம் மைக்கைப் பிடிச்சார். அந்த மனுசனுக்கு மைக் கிடைச்சால் சோறு தண்ணி வேண்டாம். "துடக்கோடை ஆக்கள் கோயிலுக்குள்ளை நிக்கினம். பூக்கட்டுற குணவதி அம்மா தயவுசெய்து வெளியிலை போகவும். மாலையள் மாத்தப்படும்" எண்டார்.

குணவதிக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஏழு வருசமாய்ப் பக்கத்திலை இருந்து கட்டுற ரதி, மடியிலை கிடந்த பூவைத் தட்டிவிட்டு எழும்பித் தள்ளி நிண்டாள். அவ்வளவு சனமும் பார்க்க, ஆரும் ஒரு வார்த்தை கேக்காமல், மனுசி சப்பாத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியிலை வந்தா.

விசயம் இதுதான். பாரிசிலை ஆரோ ஒருத்தர் செத்துப்போனார். வட்ஸ்அப்பிலை வந்த மரண அறிவித்தலிலை, சகோதரங்களின்ரை வரிசையிலை "நவரட்ணம் (கனடா)" எண்டு கிடந்தது. ஊரும் குணவதி ஆக்களின்ரை ஊர்தான். குணவதியின்ரை மனுசனும் நவரட்ணம். குடும்பத்திலை சாவு விழுந்தால் துடக்கு, முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. பொன்னம்பலத்துக்கு அது போதும். கனடாவிலை எத்தினை நவரட்ணம் எண்டு அவர் யோசிக்கேல்லை. எங்கடை நவரட்ணம் தாய் தேப்பனுக்கு ஒரே பிள்ளை. எனக்குத் தெரியாமல் எனக்கு எங்காலை தம்பி எண்டு அந்த மனுசன் இரண்டு நாள் வீட்டுக்குள்ளை நடந்து திரிஞ்சார்.

குணவதி போன் எடுத்தா. பொன்னம்பலம் விசாரிச்சுப் பார்த்திட்டு, அது அஜக்ஸிலை இருக்கிற வேறை நவரட்ணம் எண்டு ஒத்துக்கொண்டார். மன்னிப்பும் கேட்டார்.

"அப்ப அதை மைக்கிலை சொல்லுங்கோ அண்ணை," எண்டா குணவதி.

"அது சரிவராது தங்கச்சி. ஐயர் பிராயச்சித்தமும் செய்திட்டார். இப்ப பிழை எண்டால் கோயிலுக்கெல்லோ அவமானம்."

அவமானம் கோயிலுக்காம்! ஊர் கேக்க அடிச்ச அடிக்கு, காதுக்குள்ளை ஒரு மன்னிப்பு. இது என்ன நியாயம்? குணவதி ரதிக்குச் சொன்னா. ரதி ஓமோம் எண்டாள், நம்பேல்லை. இன்னும் நாலு பேருக்குச் சொன்னா. சொல்லச் சொல்ல, மனுசி மூடி மறைக்கப் பாக்கிறா எண்டுதான் கதை பரவிச்சுது. கடைசியிலை சொல்லுறதை விட்டிட்டா.

ஐஞ்சு வெள்ளி போச்சுது. ஆறாவது வெள்ளி போய்ப் பூமேசைக்குப் பக்கத்திலை நிண்டா. ஜன்னல் பக்கக் கதிரையிலை ரதி. ஆரும் கோவமாய்ப் பார்க்கேல்லை, அதுதான் கொடுமை. ரதி நல்ல அன்பாய்த்தான் கேட்டாள்.

"என்னக்கா, துடக்குக் கழிஞ்சுதோ?"

எனக்கு ஒரு துடக்கும் இல்லையடி எண்டு வாய்வரைக்கும் வந்தது. மேசையிலை பூ குவிஞ்சு கிடந்தது. கை பரபரத்தது.

"ஓம்," எண்டா குணவதி. "போன கிழமை கழிஞ்சுது."

ரதி எழும்பிக் கதிரையை விட்டாள். செத்தது நவரட்ணம் அண்ணைக்குக் கடைசித் தம்பியோ எண்டு கேட்டபடி நூல்பந்தை உருட்டிவிட்டாள். குணவதி அதுக்கும் ஓம் எண்டா.